கப்பல் பீயும் ஊர்ப் பீயும்

'எந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இன்று நேற்றுச் சண்டை இல்லை. கருத்தரங்கு என்று ஒன்று நடந்து, துப்புரவுப் பணியாளர் பற்றி நாங்கள் வாய் திறந்ததும், யாராவது ஒரு முற்போக்கு நண்பர் எழுந்துவிடுவார். "தோழர், இது சாதிப் பிரச்சினை இல்லை, தொழில்நுட்பப் பிரச்சினை. வெளிநாட்டில் பாருங்கள், எவனாவது குழிக்குள் இறங்குகிறானா? எந்திரத்தைக் கொண்டுவந்தால் மனிதன் தானாக விடுதலை ஆவான்" என்பார். கைதட்டலும் கிடைக்கும். பீ பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துபோகும். எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார்கள்.

எந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? குழியில் செத்தவர்களின் வீட்டிலிருந்து வருகிறவன், எந்திரத்தை எதிர்க்க மாட்டான். எந்திரம் வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். உலகத்திலேயே மிக நுட்பமான கக்கூஸ் எந்திரம் எது என்று கேட்டால் கப்பலில் இருக்கும் வேக்குவம் கக்கூஸைச் சொல்லலாம். அதைப் பழுது பார்க்கிறவன் என் சித்தப்பா மகன். அவனிடம் கேட்டதை வைத்துத்தான் இந்தச் சண்டை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வளர்ந்து, நன்னூலை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினவன். நன்னூல் 'தகுதி வழக்கு' என்று மூன்றைச் சொல்லுகிறது. அதில் ஒன்று இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசுகிறதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல். பீ கழுவி வந்தான் என்று சொல்லாமல் கால் கழுவி வந்தான் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் இதை நடத்திய பேராசிரியர் மூக்கைச் சுருக்கிக்கொண்டே நடத்தினார். மறைத்துச் சொல்லுகிறவனுக்குத் தகுதி உண்டு. மறைக்க முடியாமல் தலையில் சுமந்து போன என் ஆத்தாவுக்கு எந்தத் தகுதி? இலக்கணத்தில் அவளுக்கு இடமில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் இடக்கரடக்கல் கிடையாது. பீ என்றுதான் எழுதுவேன். முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

கக்கூஸ் என்ற சொல்லும் தமிழ் இல்லை. கப்பலேறி வந்த டச்சுச் சொல். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரன் முத்தையும் துணியையும் கொண்டுபோனான், இந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போனான். சொல்லை ஊரே எடுத்துக்கொண்டது. அதைக் கழுவுகிற வேலையை மட்டும் ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்களுக்கு வந்தது.

இனி எந்திரம். வேக்குவம் கக்கூஸை 1950களில் உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த யூல் லில்யன்டால் என்ற பொறியாளர். வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். நம் வீட்டுக் கக்கூஸில் தண்ணீர்தான் பீயைத் தள்ளுகிறது. அதற்குக் குழாய் சரிந்து கீழே போக வேண்டும், தண்ணீரும் ஆறு லிட்டர், பத்து லிட்டர் என்று ஊற்ற வேண்டும். கப்பலில் இரண்டுக்கும் வழியில்லை. நல்ல தண்ணீர் அங்கே விலை மிகுந்த பொருள். கப்பலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

"அண்ணே, கரையில தண்ணி தள்ளும், கப்பல்ல காத்து தள்ளும். அம்புட்டுதான் வித்தியாசம்" என்றான் தம்பி.

பம்பு ஒன்று குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடுகிறது. பொத்தானை அமுக்கியதும் கோப்பையின் அடியில் இருக்கும் வால்வு ஓரிரு விநாடி திறக்கும். வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலில் பீ, மூத்திரம், காகிதம் எல்லாம் குழாய்க்குள் போய்விடும். கோப்பையைக் கழுவத் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். காற்று தள்ளுவதால் குழாய் மேல் நோக்கியும் ஏறலாம். அய்ம்பது மில்லிமீட்டர் குழாயே போதும், நம் ஊர்க் குழாயில் பாதி. பம்பிலேயே வெட்டுக் கத்தி இருக்கும். அரைத்துக் கூழாக்கித் தொட்டிக்கு அனுப்பும். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! மனிதக் கையே படவில்லை. நம் முற்போக்கு நண்பர் கனவு காண்பது இதைத்தான்.

ஆனால் அந்த எந்திரமும் அடைக்கும். எந்த எந்திரமும் அடைக்கும். அடைத்தால் ஒரு மனிதன் போய்த்தான் ஆக வேண்டும். கனவு காண்கிறவர்கள் யோசிக்காத இடம் இதுதான். தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்.

பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது பம்பு நின்று நின்றுதான் ஓட வேண்டும். உடனே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. அழுத்த மானியைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் போகிற லைனின் வால்வை ஒவ்வொன்றாக மூட வேண்டும். எந்த லைனை மூடியதும் முள் சரியான இடத்துக்கு ஏறுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. அப்புறம் அந்த லைனில் உள்ள கேபின் கேபினாக ஏறி, கோப்பை பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். கோப்பையில் தேங்க வேண்டிய கொஞ்சத் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுக் காய்ந்து கிடந்தால் சந்தேகமே இல்லை, அடி வால்வு சரியாக மூடவில்லை. கழற்றிப் பார்த்தால் பல் குத்தும் குச்சி, பாட்டில் மூடி, துணிக் கிழிசல், ஏதாவது ஒன்று சிக்கியிருக்கும். அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும்.

ஒரே ஒரு கக்கூஸ் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும். மெல்லிய குழாய் மடங்கியிருக்கும், இல்லை அதற்குள் தண்ணீர் ஏறியிருக்கும். நல்லபடி ஓடும் பக்கத்துக் கக்கூஸின் பெட்டியைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஒரு லைன் முழுக்க நின்றுபோனால் அடைப்பு. அதற்கென்று வைத்திருக்கும் மூடியைத் திறந்து கம்பி விட வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடியது கல். மூத்திரத்தில் இருக்கும் உப்பு குழாய்க்குள் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாக இறுகும். கழுவ உப்புத் தண்ணீர் விடுகிற கப்பலில் இன்னும் சீக்கிரம். அய்ம்பது மில்லிமீட்டர் குழாய் விரல் நுழையாத ஓட்டையாகிவிடும். மருந்து விட்டுக் கரைக்க வேண்டும். அந்த மருந்து அமிலம். பிளீச்சிங்கோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பழைய கழிவில் விழுந்தால் விஷவாயு கிளம்பும். எதற்கும் அசையாத கல்லுக்குக் குழாயையே கழற்றிக் கொண்டுவந்து தட்டி எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது தம்பியின் குரலைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வித்துவான் ராகத்தைப் பிரித்துச் சொல்வதுபோலச் சொன்னான். அவனுக்கு வெட்கமில்லை. அதே பீ, அதே மூத்திரம். எங்கள் தெருவில் இந்த வேலையைப் பற்றி இப்படிப் பேசியவர்களை நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டுப் பேசுவார்கள், இல்லாவிட்டால் பேசவே மாட்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? தம்பி ஒரு பட்டியல் சொன்னான். மூடியைத் திறக்கும் முன்னால் பம்பை நிறுத்திப் பூட்டு போட வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிட வேண்டும். குழாயில் இருக்கும் உறிஞ்சலை வெளியேற்ற வேண்டும். அந்த லைனைப் பயன்படுத்தாதே என்று கப்பல் முழுக்க அறிவிக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முகமறைப்பு. உதிரி பாகத்துக்கு எண் உண்டு, வேலைக்கு நேரம் உண்டு, முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. பீக்குழாயைக் கழற்றினாலும் அது 'மெயின்டனன்ஸ்' என்று எழுதப்படுகிறது. அவன் ஏறிய கப்பல்களில் இந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நாலாவது எஞ்சினியர். எஞ்சினியரிங் படித்தவர். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட முடியாது. அவர் கையும் உள்ளே போகும்.

அந்த எஞ்சினியர்களில் நம் நாட்டின் உயர்சாதி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒருகாலத்தில் கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்தார்கள். கடலுக்குக் 'காலாபானி', கறுப்புத் தண்ணீர் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள், கப்பல் மொழியில் கக்கூஸ் கழிவுக்கு 'பிளாக் வாட்டர்' என்று பெயர். கறுப்புத் தண்ணீரைத் தாண்டப் பயந்த வம்சம் இன்று டாலருக்காகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கிறது. நல்லது. அதை நான் கேலி செய்யவில்லை, வரவேற்கிறேன். என் கேள்வி வேறு. கப்பலில் அதைச் செய்த கையோடு ஊருக்கு வந்ததும் அவர் வீட்டுச் செப்டிக் டேங்க் நிறைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்? அவருக்கு வேலை தெரியும். விஷவாயு தெரியும். எந்த மருந்து எதோடு சேரக்கூடாது என்று தெரியும். ஆனால் கூப்பிடுவது எங்களைத்தான். அறிவு கப்பலோடு நின்றுவிடுகிறது, சாதி மட்டும் வீட்டுவாசலில் காத்திருக்கிறது.

தொட்டிக்கு வருவோம். கப்பலின் கழிவுத் தொட்டியில் பீயைத் தின்னும் கிருமிகளை வளர்க்கிறார்கள். அவற்றுக்கு ஓயாமல் காற்று ஊத வேண்டும். காற்று நின்றால் அந்தக் கிருமிகள் செத்து வேறு கிருமிகள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் இருக்கிற வரைக்கும் எச்சரிக்கை. நூறு பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இன்னும் ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவான்.

அந்தத் தொட்டிக்குள் கப்பலில் ஒருவன் இறங்க வேண்டுமென்றால் என்ன நடக்கும்? தொட்டியைக் காலி செய்து கழுவிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். வாயு மானியை உள்ளே இறக்கி ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறதா, விஷவாயு இல்லையா என்று அளக்க வேண்டும். அனுமதிச் சீட்டு எழுத வேண்டும். அதில் பொறுப்பதிகாரி கையெழுத்து, இறங்குகிறவன் கையெழுத்து, நேரம். வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அவன் உள்ளே குதிக்கக்கூடாது. காப்பாற்றும் கயிறும் மூச்சுக் கருவியும் தயாராக இருக்க வேண்டும். இந்த விதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011இல் புதுப்பித்து வெளியிட்டது. 2015 ஜனவரி முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதை ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இதைச் சொல்லிக்கொண்டு வந்த தம்பி சட்டென்று நிறுத்தினான். "எங்கப்பாவுக்கு இதுல ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாலும் போதும்ணே" என்றான்.

சித்தப்பா 2009இல் ஒரு கல்யாண மண்டபத்துச் செப்டிக் டேங்கில் செத்தார். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். மண்டபத்துக்காரர் முந்நூறு ரூபாய் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா இறங்கினார், எழுந்திரிக்கவில்லை. அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் எழுந்திரிக்கவில்லை. மறுநாள் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. 2014 மார்ச் 27ஆம் தேதி சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்த எல்லோருடைய குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று தீர்ப்புச் சொன்னது. சித்தி அந்தத் தீர்ப்பின் ஜெராக்ஸை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு நாலு வருஷம் அலைந்தாள். வந்த பணத்தில்தான், அய்.டி.அய். ஃபிட்டர் முடித்திருந்த தம்பி கப்பல் பயிற்சிக்குப் போனான். சி.டி.சி. எடுத்தான், ஏஜென்டுக்குக் கப்பம் கட்டினான், வைப்பராக ஏறி இப்போது ஃபிட்டர். அப்பன் பீக்குழியில் செத்த காசில் மகன் பீக்குழாய் கழற்றப் படித்தான். ஒருவனுக்கு அது சாவு, இன்னொருவனுக்கு அது தொழில். நடுவில் பீ மாறவில்லை. மாறியது ஒரு சீட்டும், ஒரு மானியும், வாசலில் நின்ற ஓர் ஆளும்.

கப்பல் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் பணமும் பதவியும்தான் பேசும். 2013 பிப்ரவரி 10ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் ட்ரயம்ஃப் என்ற உல்லாசக் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. மின்சாரம் போனது. நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் பெரும்பாலான கக்கூஸ்கள் நின்றுபோயின. பயணிகளுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, அதில் போய் வெளியே வையுங்கள் என்றார்கள். 14ஆம் தேதி இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்க்கும் வரை அதுதான் நிலை. அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பயணிகள் பட்ட கஷ்டத்தை விழுந்து விழுந்து சொல்லின. பையை வெளியே வைத்தவர்களைப் பற்றிச் சொன்ன அளவுக்கு, அந்தப் பையை அள்ளிய கப்பல் ஊழியர்களைப் பற்றிச் சொல்லவில்லை. எந்திரம் நின்ற நிமிஷத்தில் கைதான் வேண்டியிருந்தது. அந்தக் கை யாருடையது என்பதை எந்திரம் தீர்மானிக்கவில்லை.

இன்னொன்று, அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்கள். ஜார்ஜ் புஷ், ஜெரால்டு ஃபோர்டு என்ற இரண்டிலும் வேக்குவம் கக்கூஸ் அடைத்து அடைத்து மானம் போனது. குழாய்க்கு அமிலம் விட்டுக் கழுவ ஒருமுறைக்கு நாலு லட்சம் டாலர் ஆகிறது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2020இல் எழுதியது. வல்லரசின் கக்கூஸும் அடைக்கிறது. ஆனால் கவனியுங்கள், நாலு லட்சம் டாலர் செலவு என்றதும் 'எவனையாவது இறக்கிவிட்டு எடு' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இறக்குவதற்கென்று பிறந்த சாதி ஒன்று அங்கே இல்லாததால் குழாயோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவே கிடையாது. முந்நூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்கு எவன் மானி வாங்குவான்? நம் ஊரில் எந்திரம் வராததற்குத் தொழில்நுட்பம் இல்லாதது காரணம் இல்லை. எந்திரத்தை விட மலிவாக நாங்கள் இருப்பதுதான் காரணம்.

சாதி கப்பலேறுமா என்று கேட்டேன். ஏறும் என்றான் தம்பி. அவன் வேலை பார்த்த ஒரு கப்பலில் ஒரு இந்திய அதிகாரி. முதல் வாரம் ஊர் கேட்டார். இரண்டாவது வாரம் தெரு கேட்டார். மூன்றாவது வாரம் அப்பா என்ன வேலை என்று கேட்டார். அதற்குப் பிறகு கக்கூஸ் கோளாறு என்றாலே இவன் பெயர்தான். மற்ற ஃபிட்டரும் வைப்பரும் பட்டறையில் லேத் ஓட்டுவார்கள், இவன் பைப் கழற்றுவான். ஒரு மாதம் பொறுத்தான். அப்புறம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சீஃப் எஞ்சினியரிடம் போனான். அவர் வேறு நாட்டுக்காரர். "முப்பது நாளில் இருபத்தாறு நாள் என் கையெழுத்து இருக்கிறது, ஏன்?" என்று கேட்டான். அவர் பதிவேட்டைப் புரட்டினார், காரணம் கேட்டார், அதிகாரியால் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து முறை வைத்து வேலை. அந்த அதிகாரிக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று சீஃபுக்குப் புரிந்திருக்காது. ஆனால் இருபத்தாறு என்ற எண் புரிந்தது. வேலை எழுத்தில் இருந்ததால்தான் தம்பியால் சண்டை போட முடிந்தது. சித்தப்பாவின் வேலை எந்தப் பதிவேட்டில் இருந்தது?

இன்னொரு வேறுபாடும் உண்டு. கப்பலில் வைப்பராக ஏறியவன் பரீட்சை எழுதி மேலே போகலாம். இன்று கழிவுத் தொட்டியைப் பார்க்கிற நாலாவது எஞ்சினியர் சில வருஷத்தில் இரண்டாவது எஞ்சினியர் ஆவார், அந்த வேலை அடுத்து வருகிறவருக்குப் போகும். ஊரில் அது அடுத்து வருகிறவருக்குப் போகாது. மகனுக்குப் போகும். இது வேலைப் பிரிவினை இல்லை, வேலைக்காரர்களைப் பிரித்து வைத்திருப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். அதைப் படிக்காமல் எந்திரம், எந்திரம் என்று பேசுகிறவர்களை என்ன செய்வது?

எந்திரம் நம் ஊருக்கு வராமலும் இல்லை. பெரம்பூர் அய்.சி.எஃப்.பில் கட்டி, 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் வேக்குவம் கக்கூஸ்தான். தண்டவாளத்தில் பீ விழுந்த காலம் பெருமளவு போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கக்கூஸ் அடைத்தால் யார் வருகிறார்? நான் ரயில் நிலையங்களில் பார்த்த வரைக்கும், ஒப்பந்தக்காரரின் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் தெரு ஆட்கள். கப்பலில் அதே கோளாறுக்கு ஃபிட்டர் என்று பெயர். ரயிலில் 'கிளீனிங் ஸ்டாஃப்'. எந்திரம் ஒன்று, பெயர் இரண்டு, கூலி இரண்டு.

எங்கள் ஊரில் செப்டிக் டேங்க் லாரி வந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். நடந்தது என்ன? லாரிக்கு முதலாளி வேறு சாதி. டிரைவர் வேறு சாதி. குழாய் பிடிக்கிறவன் எங்கள் ஆள். மேலே இருக்கிற தண்ணீரை லாரி உறிஞ்சும். அடியில் இறுகிக் கிடக்கிற மண்டிக்கு 'லேசா இறங்கிக் கிளறிவிடுப்பா' என்பார்கள். எந்திரத்தின் லாபம் ஒருவருக்கு, எந்திரத்தால் முடியாதது எங்களுக்கு.

1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம். இரண்டாவது சட்டம் செப்டிக் டேங்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் விளக்கம், கருவியும் பாதுகாப்புச் சாதனமும் கொடுத்துவிட்டால் அவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருத வேண்டியதில்லை என்கிறது. ஒரு ஜோடி கையுறையில் ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். 2023 அக்டோபர் 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2022, 2023ஆம் ஆண்டுச் சாவுகளில் 54 சாவுகளை ஆராய்ந்த அறிக்கை 2025இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்கிறவர்களை மத்திய அரசு 'நமஸ்தே' திட்டத்தில் கணக்கெடுத்தபோது, விவரம் கிடைத்தவர்களில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தது. இது தொழில்நுட்பப் பிரச்சினை என்கிற நண்பர் இந்த 68.9க்கு எந்த எந்திரத்தைக் காரணம் சொல்வார்?

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். "ஏன் தோழர், இந்த வேலையை நல்லா செய்யச் சொல்லித் தாரீகளா? விட்டுட்டு ஓடணும்னுல்லா நாம சொல்லுதோம்" என்று. சரியான கேள்வி. விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். என் பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது. இதை ஆன்மீகத் தொண்டு, சேவை என்று புகழ்ந்து எங்களை அதிலேயே உட்கார வைத்த மகாத்மாக்களின் பேச்சு எங்களுக்கு வேண்டாம். ஆனால் நாங்கள் ஓடினாலும் ஊர் பேளுவதை நிறுத்தப்போவதில்லை. யார் எடுப்பார்? பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற இன்னொரு தலித்தா? அதனால் இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். எங்களை வெளியே விடு. வேலையைக் கப்பலில் வைத்திருக்கிற மாதிரி வை. படிப்பு, பரீட்சை, உரிமம், கப்பல் சம்பளம், முறை வைத்து எல்லோரும். அப்போது யார் வேண்டுமானாலும் வரலாம். பீயிடம் சாதி இல்லை என்று அன்றைக்கு ஊருக்கே தெரியும்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்ச் செலவு. உங்கள் நகராட்சிக்கு ஒரு மனுப் போடுங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை செப்டிக் டேங்குகளும் பாதாளச் சாக்கடைகளும் சுத்தம் செய்யப்பட்டன? ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டு எழுதப்பட்டதா? நகல் தருக. நகராட்சியிடம் வாயு மானி எத்தனை? கடைசியாகச் சோதித்த தேதி எது? மீட்பு ஒத்திகை எப்போது நடந்தது? வாசலில் நின்ற ஆள் யார்? பொறுப்பதிகாரி யார்? அவர் கையெழுத்து எங்கே?

'தகவல் இல்லை' என்றுதான் பதில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாவு நடக்கும்போது, அது 'எதிர்பாராத விபத்து' என்று அவர்கள் எழுதும்போது, நீதிமன்றத்தில் முதல் ஆவணமாக வைக்க வேண்டியது அதுதான்.